இன்னும் நாலு நாள்

மாட்டாஸ்பத்திரி டாக்டர் அப்துல் வாஹித் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பத்தாவதற்கு முன்பே வந்துவிட்டார். ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி, தோல்பையை எடுத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். மூன்று மாதமாக வந்து போகிறவர். வழி தெரியும்.

அந்த வீட்டு நாய் சில்வர், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தகரச் சாய்ப்பின் கீழே சாக்கில் படுத்திருந்தது. வெள்ளை உடம்பில் சாம்பல் அள்ளிப் பூசியதுபோல நிறம். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்து மதில் ஓரம் மழையில் நடுங்கிக் கிடந்த குட்டியை, அங்கே டீச்சராக இருந்த இஞ்ஞாசியம்மாள் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்து வந்தாள். அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்த மகள் கிளாரா அதற்கு அந்தப் பெயரை வைத்தாள். கிளாரா இப்போது கல்யாணமாகித் திருச்சியில் இருக்கிறாள். சில்வரின் வலது பின்தொடை பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

எலும்பில் கட்டி என்றும், இதற்கு மருந்து கிடையாது என்றும் டாக்டர் ஜூன் மாதமே சொல்லிவிட்டார். வலி தாங்க முடியாத நாள் வரும்போது சொல்லி அனுப்புங்கள், நான் வந்து ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைத்துவிடுகிறேன் என்றும் சொன்னார். அந்த நாள் வருவதற்கு செப்டம்பர் ஆனது. தொண்ணூற்றேழாம் வருஷம். வியாழக்கிழமை பூராவும் சில்வர் முனகிக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் இஞ்ஞாசியம்மாள் நேராக மாட்டாஸ்பத்திரிக்குப் போய், நாளைக்கு வாங்க டாக்டர் என்றாள்.

டாக்டர் ஊசிக்குழலில் மருந்தை ஏற்றித் தட்டில் வைத்தார். சாக்கு ஈரமாக இருந்தது. ஈரத்தோடு போக வேண்டாம் என்று இஞ்ஞாசியம்மாள் துவைத்த பழைய சேலையொன்றை மடித்து விரித்து, சில்வரை அதன்மேல் நகர்த்துவதற்காக இடுப்புக்குக் கீழே கையைக் கொடுத்தாள். கொடுத்த இடம் தப்பு. சில்வர் தலையைத் திருப்பி அவளுடைய இடது முன்கையைக் கடித்தது. இரண்டு பல் நன்றாக இறங்கியது. பிறகு விட்டுவிட்டு, எதுவும் நடக்காதது போலத் தலையைக் கீழே வைத்துக்கொண்டது. பதிமூன்று வருஷத்தில் அது யாரையும் கடித்ததில்லை.

டாக்டர் அவளைக் குழாயடிக்குக் கூட்டிப் போய், சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவ வைத்தார். ரத்தம் நின்ற பிறகும் கழுவச் சொன்னார். அவள் கழுவிக்கொண்டிருக்கும்போது அவர் தட்டில் இருந்த ஊசிக்குழலையே பார்த்தபடி நின்றார்.

"டீச்சர், இப்ப நான் இதைப் போட முடியாது" என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. சமையலறைக் கதவருகே நின்றிருந்த அவளுடைய கணவர் ராயப்பராஜுக்குப் புரிந்துவிட்டது. ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். நாய்ப் பக்கம் வரவே மாட்டார். சில்வர் வந்த நாளிலிருந்து அதை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. நாயைப் பிடிக்காது போலிருக்கிறது என்றுதான் இஞ்ஞாசியம்மாள் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அவர் அங்கிருந்தே, வெறியாக இருக்குமா என்று கேட்டார்.

வாய்ப்பு ரொம்பக் கம்மி என்றார் டாக்டர். வலியில் கடித்திருக்கிறது, அதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் தடுப்பூசி போட்டு இரண்டு வருஷம் ஆகிவிட்டது. சாக்கடை வழியாகத் தெருநாய்கள் உள்ளே வந்து போகின்றன. இல்லவே இல்லை என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்க வேண்டும். பத்து நாளும் வெறிக்குண்டான மாற்றம் இல்லாமல் உயிரோடு இருந்தால் கடியில் விஷம் இல்லை. நடுவில் செத்துப்போனால் தலையை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும், அந்த முடிவையும் முழுக்க நம்ப முடியாது. அதுவரைக்கும் டீச்சர் தினமும் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

"அப்போ இவன் வலி?" என்றாள் இஞ்ஞாசியம்மாள்.

வலிக்குத் தினமும் ஒரு ஊசி போடுகிறேன் என்றார். ஆனால் லேசாகத்தான் போட முடியும். மயங்கிக் கிடந்தால் வெறியா இல்லையா என்று பார்க்க முடியாது.

அவர் ஊசிக்குழலில் இருந்த மருந்தைச் சாக்கடையில் பீய்ச்சிவிட்டு, பையை மூடினார். ஒரு சங்கிலி வாங்கி வரச் சொன்னார். ராயப்பராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு உடனே கிளம்பினார்.

*

அந்தக் காலத்தில் நாய்க்கடி ஊசி என்றால் தொப்புளைச் சுற்றித்தான். நாய் என்னவானது என்று தெரிந்தால் பத்தோடு நிறுத்தலாம், தெரியாவிட்டால் பதினாலு. காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார வேண்டும். தினமும் அதே ஆட்கள்தான். ஒரு நாளைக்கு ஒருவர் புதிதாக வருவார், ஒருவர் முடித்துவிட்டுப் போவார். ஊசி போட்ட இடம் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கி, மறுநாள் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

முதல் நாள் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சிவனம்மாள். சின்னாளப்பட்டிக்காரி, நாற்பது வயது இருக்கும். வீட்டில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற வேலை. அவளுக்கு அது மூன்றாவது ஊசி. தெருநாயா என்று சிவனம்மாள் கேட்டாள். எங்க வீட்டு நாய்தான் என்றாள் இஞ்ஞாசியம்மாள். எங்களுதும் என்றாள் சிவனம்மாள்.

குட்டி போட்டிருந்த நாய். மழைச் சாரல் அடிக்கிறதே என்று குட்டிகளை உள்ளே எடுத்து வைக்கப் போனபோது கையைப் பிடித்துவிட்டது. அவள் கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள், சத்தம் கேட்டு வந்த தெரு ஆம்பிளைகள் நாயை அடித்துக் கொன்றுவிட்டார்கள். பார்ப்பதற்கு நாய் இல்லாததால் அவளுக்குப் பதினாலும் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் சிவனம்மாள் ரேஷன் கடையில் நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். குட்டிகள் என்னவாயின என்று இஞ்ஞாசியம்மாள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து சிவனம்மாள் அவளைப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"இருக்கா?"

"இருக்கு."

"சாப்டுச்சா?"

"ரெண்டு வாய் கஞ்சி."

மற்றவர்களும் கேட்டார்கள். தெருவில், பள்ளிக்கூடத்தில், கோயில் வாசலில். ஆனால் அவர்கள் கேட்டது வேறு. நாய் இன்னும் கிடக்கிறதா, ஒன்றும் ஆகவில்லையே, அப்படியானால் உனக்குப் பயமில்லை என்றார்கள். ஆசிரியைகள் அறையில் அவளுடைய தண்ணீர்ச் செம்பை யாரும் தொடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பின்சுவர் கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டாள். இஞ்ஞாசியம்மாளுக்கு இதில் எதுவும் உறைக்கவில்லை. மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு நடத்தினாள். வீட்டுக்கு வந்து கஞ்சி காய்ச்சினாள். நீளமான அகப்பையில் ஊற்றிச் சில்வரின் வாயருகே வைத்தாள். கடித்ததில் கோபம் இல்லை. பரிதாபமும் இல்லை. கிளாரா போனில் அழுதபோது, அழாதே, ஒன்றும் இல்லை என்று இவள்தான் சமாதானம் சொன்னாள். சொல்லும்போதே குரல் யாருடையதோ போலத் தோன்றியது.

சாயங்காலம் டாக்டர் வருவார். சில்வரின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார். தண்ணீர்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்து, குடிக்கிறதா என்று பார்ப்பார். ஒரு தாளில் எழுதிக்கொள்வார். வலி ஊசி போடுவார். அது இரண்டு மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு முனகல் ஆரம்பிக்கும். நான்காம் நாளில் முனகல் போய், மூச்சு இழுக்கும்போதெல்லாம் தொண்டையிலிருந்து ஒரு சத்தம், கதவுக் கீல் மாதிரி, வர ஆரம்பித்தது. வீங்கின இடம் வெடித்து நீர் வடிந்தது. ஈ மொய்த்தது. சங்கிலியை இழுக்கக்கூடத் தெம்பில்லாத நாயைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள்.

ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை, ஊசி போட்டுக்கொண்டு பெஞ்சிலிருந்து எழுந்திருக்கும்போது சிவனம்மாளிடம், இன்றைக்கு டாக்டரை முடித்துவிடச் சொல்லப் போகிறேன் என்றாள் இஞ்ஞாசியம்மாள். நானும் பதினாலையும் போட்டுக்கொள்கிறேன். நீ போட்டுக்கொள்ளவில்லையா? சிவனம்மாள் தலையை ஆட்டினாள். நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லவில்லை.

அன்று மத்தியானம் ராயப்பராஜ் சாப்பிட வந்தபோது அதையே அவரிடமும் சொன்னாள். தலையை வெட்டக் கூடாது, அப்படியே புதைக்க வேண்டும் என்றும் சொன்னாள். ஒரு தீர்மானத்தை அறிவிப்பது போலத்தான் சொன்னாள். கடிபட்டது நான், நாய் என்னுடையது என்று நினைத்திருந்தாள்.

ராயப்பராஜ் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். வாயில் வைக்கவில்லை. "மதலேன்னு எனக்கொரு அக்கா இருந்தா" என்றார்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பெயரை அவள் கேட்டதில்லை. மாமியார் உயிரோடு இருந்தபோதும் கேட்டதில்லை.

"அவளுக்குப் பதினாலு வயசு, எனக்குப் பத்து. தெருநாய் ஒண்ணு கெண்டைக்கால்ல லேசாப் பிடிச்சுது. ரத்தங்கூடச் சரியா வரல. அப்பா மஞ்சளை வச்சுக் கட்டிவிட்டாரு, அம்புட்டுத்தான். ஒன்றரை மாசம் கழிச்சு ஒருநாள் சாப்பிடுறப்ப தண்ணி எறங்கலன்னா."

அவர் கையைத் தட்டிலேயே கழுவினார்.

"மூணு நாள். மாட்டுக் கொட்டாய்ல கட்டிலோட சேத்துக் கட்டிப் போட்டிருந்தாங்க. தாகமா இருக்குன்னு கேப்பா. பெரியாளுக யாரும் கிட்டப் போகல. நான்தான் டம்ளரைக் கொண்டுபோனேன். அதைப் பார்த்ததுமே தொண்டை இழுத்துக்கும். ராயப்பா, அதை அங்கிட்டுக் கொண்டுபோ, ஆனா நீ எங்கயும் போயிராதேன்னா. கடைசி வரைக்கும் நெனப்பு நல்லா இருந்துச்சு இஞ்ஞாசி. எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டா."

இஞ்ஞாசியம்மாள் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"ஊசி போட்டாச்சு, உனக்கு ஒண்ணும் வராதுன்னு எல்லாரும் சொல்றாங்க. சொன்னா எனக்குப் பத்தல. எனக்குத் தெரியணும். அது பத்தாம் நாள் உசுரோட இருக்கணும். இன்னும் நாலு நாள். அதை நானே பாத்துக்கிறேன். நீ தொட வேண்டாம்."

கணவரின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷம் நாயைக் கண்டால் அவர் ஒதுங்கிப் போனது பிடிக்காமல் அல்ல என்று இப்போது தெரிந்தது. தெரிந்ததும் மனசு உருக வேண்டும். அவளுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. சாக்கு மாற்ற வேண்டும், கஞ்சி ஆறிப் போயிருக்கும் என்றுதான் தோன்றியது. பின்பக்கத்திலிருந்து அந்தக் கீல் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"சரி" என்றாள். "நாலு நாள்."

*

ராயப்பராஜ் ஆபீசுக்கு லீவு எழுதிக் கொடுத்தார். பதிமூன்று வருஷம் தொடாத நாயின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். ஈயை விரட்டப் பனையோலை விசிறி வைத்துக்கொண்டார். டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி, சாக்கின் இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கி, உடம்பைத் தொடாமலே அதைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்கப் பழகினார். வெந்நீரில் உப்புப் போட்டுப் புண்ணைக் கழுவினார். சில்வர் அவரைப் பார்த்து உறுமியது. உறுமட்டும், உறுமுறதுக்குத் தெம்பு இருக்குல்ல என்றார் அவர்.

எட்டாம் நாள் அது கஞ்சியை விட்டுவிட்டது. தண்ணீரில் நாக்கை நனைத்ததோடு சரி. இப்படியே போனால் பத்தாம் நாள் வரை தாங்காது என்றார் டாக்டர். ராயப்பராஜ் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். குளுக்கோஸ் ஏற்றலாம் என்றார் டாக்டர். துணி காயப்போடுகிற கம்பியில் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, முன்காலில் ஊசியைச் செருகினார். சாக வேண்டும் என்று எந்த நாய்க்கு நாள் குறித்தார்களோ, அதே நாய் சாகாமலிருக்க பாட்டில் ஏற்றினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த இஞ்ஞாசியம்மாள் பை தோளில் இருக்க, சொட்டு விழுவதை எண்ணிக்கொண்டு நின்றாள்.

ஒன்பதாம் நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் பின்பக்கம் போனாள். அவளுடைய செருப்புச் சத்தத்துக்குச் சில்வர் தலையைத் தூக்கவில்லை. வால் மட்டும் சாக்கின்மேல் ஒரு தடவை எழுந்து விழுந்தது. ஆளை அடையாளம் தெரிகிறது, நல்ல அறிகுறி, சாயங்காலம் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போதுதான், அது வாலாட்டியதைக்கூட அறிகுறியாகத்தான் எண்ணியிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. அப்போதும் அழுகை வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வந்ததும் இறங்கிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். இருக்கா என்று சிவனம்மாள் கேட்டாள். இருக்கு என்றாள். அன்று அடுத்த கேள்வியை சிவனம்மாள் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்து நாள் முடிந்தது. டாக்டர் நாலரை மணிக்கே வந்தார். கண்ணைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். தாளில் கடைசி வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டு ராயப்பராஜிடம் கொடுத்தார். வெறிநோய்க்கான அடையாளம் ஏதும் இல்லை. ராயப்பராஜ் அதை இரண்டு தடவை படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்தார்.

பிறகு டாக்டர் பையிலிருந்து மருந்தை எடுத்தார். இஞ்ஞாசியம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வாயை நாடாவால் கட்ட வேண்டும் என்றார் டாக்டர். இனி எதுக்கு என்றாள் அவள். கட்டியாகணும் டீச்சர் என்றார். கட்டினார். ராயப்பராஜ் முன்காலைப் பிடித்துக்கொண்டார். குளுக்கோஸ் ஏற்றுவதற்காக வைத்திருந்த அதே வழியாக மருந்து போனது. கீல் சத்தம் இரண்டு தடவை வந்தது. அப்புறம் வரவில்லை. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நாடாவை அவிழ்த்தார்.

ராயப்பராஜ் குழந்தை மாதிரி அழுதார். சில்வரின் காலை விடாமல் பிடித்துக்கொண்டு, மன்னிச்சிரு, மன்னிச்சிரு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதை நாயிடம் சொல்கிறாரா, வேறு யாரிடமாவது சொல்கிறாரா என்று தெரியவில்லை. இஞ்ஞாசியம்மாள் எழுந்து போய்க் கம்பியில் இருந்த பாட்டிலை அவிழ்த்தாள். கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவினாள். டாக்டருக்கு டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

குழி ஏற்கெனவே வெட்டியிருந்தது. புதைத்து முடித்த பிறகும் டாக்டர் போகவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் குடித்தார்.

"நம்ம செஞ்சது தப்பு இல்ல டீச்சர்" என்றார். "அது பத்து நாள் கஷ்டப்பட்டதும் நெசந்தான். ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை இல்லைன்னு ஆக்க முடியாது. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்."

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

*

அவளுக்குப் பத்தோடு ஊசி நின்றது. சிவனம்மாளுக்கு இன்னும் இரண்டு ஊசி பாக்கி இருந்தது. அதனால் புதன்கிழமை காலை, சீட்டைக் காட்டி நிறுத்திக்கொள்ளப் போன இஞ்ஞாசியம்மாள் அவளைப் பெஞ்சில் பார்த்தாள். அன்று சிவனம்மாள் எதுவும் கேட்காமல், கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். சின்னாளப்பட்டியில் இறங்கி எந்தத் தெரு, எத்தனாவது வீடு என்று சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எல்லோரும் ஒரே கதையைச் சொன்னார்கள். எஜமானிக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று பத்து நாள் உயிரைக் கையில் பிடித்திருந்து, தீர்ப்பு வந்த பிறகு நிம்மதியாகக் கண்ணை மூடிய நாய். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். கோயில் வாசலில் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் நீதிபோதனை வகுப்பில் ஒரு சிஸ்டர் இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். பக்கத்து வகுப்பில் இருந்த இஞ்ஞாசியம்மாளுக்கு எல்லாம் கேட்டது. எட்டாம் வாய்ப்பாட்டை நடுவில் நிறுத்தாமல் முடித்தாள். அது பிடித்துக்கொண்டிருக்கவில்லை, நாங்கள் பிடித்து வைத்திருந்தோம் என்று யாரிடமாவது சொல்லலாம். சொன்னால் அவர்கள் சங்கடப்படுவார்கள். தொப்புளைச் சுற்றி வீக்கம் வடிந்த பிறகும் தோல் மரத்துக் கிடந்தது. கிள்ளிப் பார்த்தால் வேறு யாரையோ கிள்ளுவது போலிருந்தது. சில நாள் போனால் சரியாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, ராயப்பராஜ் வேடசந்தூர்ப் பக்கம் இருக்கிற தன் ஊருக்குப் போக வேண்டும் என்றார். நானும் வாரேன் என்று அவளும் கிளம்பினாள். கல்லறைத் தோட்டத்தில் ஊரே மெழுகுவர்த்தியோடு நின்றது. அவருடைய அம்மா அப்பாவுக்குச் சிலுவை இருந்தது. மதலேனுக்கு எதுவும் இல்லை. நோய் பரவிவிடும் என்று பயந்து ஓரமாக எங்கேயோ புதைத்திருந்தார்கள். வேலிக் கருவேலத்துக்குப் பக்கம்தான் இருக்கும் என்று அவருக்கு ஞாபகம். கோயில் சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தபோது ராயப்பராஜ் அவரை நிறுத்தி, அந்த ஓரத்துக்கும் வரச் சொன்னார். பெயரென்ன என்று சாமியார் கேட்டார். மதலேன் என்று ராயப்பராஜ் சத்தமாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற இரண்டு கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இஞ்ஞாசியம்மாள் மெழுகுவர்த்தி அணையாமல் கையால் மறைத்துப் பிடித்திருந்தாள். சூடு உள்ளங்கையில் பட்டது. அவருக்காகச் சந்தோஷப்பட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அது தள்ளி நின்று பார்க்கிற சந்தோஷம்.

டிசம்பரில் அரைப்பரீட்சை லீவு விட்டதும் அவள் தனியாகச் சின்னாளப்பட்டிக்குப் போனாள். சிவனம்மாள் வாசலில் துணியை மடியில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். வாங்க டீச்சர் என்று எழுந்து பாய் விரித்தாள். மத்தியானம் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகு இஞ்ஞாசியம்மாள் சொன்னாள்.

"எல்லாரும் அது எனக்காக இருந்துச்சுன்னு சொல்றாங்க. ஆறாம் நாளே விட்டிருக்கலாம். நான்தான் வச்சிருந்தேன், சிவனம்மா."

சிவனம்மாள் கையிலிருந்த முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆமா டீச்சர். வச்சிருந்தீங்க" என்றாள்.

இஞ்ஞாசியம்மாளுக்கு மூச்சு லேசாக வந்தது. உங்க நாய்க்கு என்ன பேர் என்று கேட்டாள். மூன்று மாதமாக யாருமே கேட்காத கேள்வி போலிருக்கிறது. பேரெல்லாம் வைக்கல, பொம்பளப்பிள்ளையக் கூப்பிடுற மாதிரி ஏபிள்ளன்னுதான் கூப்பிடுவேன் என்றாள் சிவனம்மாள். சொல்லிவிட்டுக் குட்டிகளைப் பற்றியும் சொன்னாள். நாலு குட்டி, கண் திறக்கவில்லை. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது சாக்கைக் காணோம், குட்டியையும் காணோம். யார் எடுத்துப் போனார்கள், எங்கே விட்டார்கள் என்று இன்றுவரைக்கும் கேட்கவில்லை. கேட்டுப் பதில் தெரிந்துவிட்டால் அந்த ஆளை இந்தத் தெருவில் தினமும் பார்க்க வேண்டியிருக்கும்.

பிறகு அவர்கள் நாய்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். சில்வர் அடுத்த வீட்டுக் கோழி முட்டையை உடைக்காமல் கவ்விக்கொண்டு வந்து இவள் காலடியில் வைத்தது. தீபாவளிக்கு வெடி போட்டால் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் மூன்று நாள் வெளியே வராதது. ஏபிள்ள காந்திகிராமம் வரைக்கும் பஸ் பின்னாலேயே ஓடி வர, கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தியது. ஒருவர் சொல்லி முடிக்கும்வரை இன்னொருவர் பொறுமையாக இருந்தார். நாலரை மணி பஸ் போய்விட்டது. ஆறு மணி பஸ்ஸில்தான் திண்டுக்கல் திரும்பினாள். ரெண்டாவது சனிக்கிழமை வாரேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். சொன்னபடியே ஜனவரியில் போனாள். அப்புறமும் போனாள்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில், கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் அன்றைக்கு வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. எதையும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி, சத்தம் போட்டு அழுதாள். ராயப்பராஜ் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவர், முகத்தில் பாதிச் சோப்போடு வெளியே வந்தார். என்ன என்று கேட்கவில்லை. வாளியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். அவள் முடிக்கும்வரை அங்கேயே இருந்தார். கால்மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, சேலையைச் சரிசெய்து, பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். போய்ச் சேரும்போது இரண்டாவது மணி அடித்துவிட்டிருந்தது. வகுப்பில் பிள்ளைகள் அவள் வருவதற்கு முன்பே வாய்ப்பாட்டைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.